எல்லாவற்றுக்கும் ஆமா

நான் என்ன படிக்கிறேன் என்பதைச் சொந்தக்காரர்களுக்கு விளக்கி விளக்கியே எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறது என்றதும் வீட்டில் பாயசம் வைத்தார்கள். என்ன பாடம் என்று சொன்னதும் அம்மா கரண்டியைக் கையில் பிடித்தபடியே, "பேசுறதுக்கா? அதுக்குப் போயி நாலு வருஷமா?" என்றார். தொடர்பு அறிவியல், பேச்சு மொழிச் சிகிச்சை என்று நல்ல தமிழில் சொன்னால் யாருக்கும் புரிவதில்லை. மலாயில் 'டெராப்பி பெர்துதூரான்' என்றால் முதல் சொல் மட்டும் காதில் விழுகிறது. பக்கத்து வீட்டுப் பெரியம்மா ஒருவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டே வந்து, எப்போது நீவி விடுவாய் என்று கேட்டார்.

அதாவது பரவாயில்லை. எங்கள் ஊர்க் கோயில் தலைவர் ஒருபடி மேலே போய்விட்டார். "நீ பேச்சுப் படிப்புதானே படிக்கிற? அப்புறம் என்ன லா, ஆடித் திருவிழாவுக்கு நீதான் அறிவிப்பு" என்று மைக்கை என் கையில் திணித்தார். அன்றிலிருந்து காதுகுத்து, பிறந்தநாள், கல்யாண வரவேற்பு என்று எதையும் விடவில்லை. முதல் விடுமுறை முழுவதும், வழியை மறித்து நிற்கும் வெள்ளைக் காரின் உரிமையாளர் உடனே வரவும் என்று கூவியே எனக்குப் போய்விட்டது.

படிப்பும் லேசுப்பட்டதில்லை. குரல்வளையின் தசைகள், முகத்து நரம்புகள், விழுங்கும்போது எது மூடி எது திறக்கிறது, குழந்தைக்குப் பேச்சு எப்படி வருகிறது, பெரியவர்களுக்கு எப்படிப் போகிறது என எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் படித்து, ஆங்கிலத்தில் எழுதி, மருத்துவமனைப் பயிற்சியில் நோயாளியிடம் மலாயில் பேச வேண்டும். படம் காட்டிப் பெயர் கேட்கும் சோதனைப் புத்தகம் ஒன்று உண்டு. அதில் பனிக்கட்டியால் கட்டிய வீடு இருக்கும். எங்கள் கெடா மாநிலத்தில் எந்தக் கிழவன் பனிக்கட்டி வீட்டைப் பார்த்தான்? மலாய்ப் பதிப்பில் அதை எடுத்துவிட்டு, நம் சமையலறையில் இருக்கும் பொருள்களைப் போட்டிருந்தார்கள். தமிழுக்கு ஒன்றுமில்லை. வகுப்பில் எழுந்து கேட்டேன். விரிவுரையாளர் அம்மையார், "நல்ல கேள்வி. நீங்களே தயாரியுங்கள் லா" என்றார். பல்கலைக்கழகத்தில் நல்ல கேள்வி என்றால் அதற்குப் பதில் இல்லை என்று பொருள்.

இரண்டாம் ஆண்டு பாதியில் பெரிய மாமாவுக்குப் பக்கவாதம் வந்தது.

பெரிய மாமா அம்மாவின் அண்ணன். செமிலிங் பக்கத்துத் தோட்டத்தில் வீடு. பள்ளிக்கூட பஸ் ஓட்டியே மகளை வளர்த்தவர். அத்தை இறந்த பிறகு, சின்ன மாமாவும் அவர் மனைவியும் அதே வீட்டில் அவரோடு இருந்தார்கள். சின்ன மாமா அம்மாவுக்குத் தம்பி. தோட்டத்தில் டிராக்டர் ஓட்டுபவர். பெரிய மாமாவுக்கு ஒரே மகள். அந்த அக்கா கல்யாணமாகி கூலிமில் இருக்கிறார். ஹைடெக் தொழிற்பூங்காவில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் ஷிப்டு வேலை.

பெரிய மாமாவைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அவர் எதற்கும் லேசில் ஒத்துக்கொள்கிற ஆளே இல்லை. சாப்பாட்டில் உப்பு சரியாக இருக்கிறதா என்று கேட்டால்கூட, "யாரு சொன்னா?" என்பார். பாசாரில் மீன்காரனோடு சண்டை, கோயில் கூட்டத்தில் தலைவரோடு சண்டை, பஸ்ஸில் பின் இருக்கைப் பிள்ளைகளோடு சண்டை. அத்தனையும் வாய்ச் சண்டைதான். கை நீட்டியதே கிடையாது. அவர் பஸ் திருப்பத்தில் வருவதற்கு முன்பே அவர் குரல் வந்துவிடும்.

பக்கவாதம் அவருடைய வலது கையையும் வலது காலையும் இழுத்துவிட்டது. மருத்துவமனையில் கொஞ்ச நாள் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். எனக்கோ தேர்வு. தினமும் தொலைபேசியில் அம்மாவிடம் கேட்பேன். "மாமா பேசுறாராம்மா?" "நல்லாப் பேசுறாரு, நீ படி." இதையே சொன்னார். நானும் நம்பினேன்.

விடுமுறைக்கு வந்ததும் அம்மாவோடு செமிலிங் போனேன். வீடு நிறைய ஆட்கள். நம் ஆட்கள் நோயாளியைப் பார்க்க வருவது எப்படி என்று தெரியும்தானே. ஆளுக்கு ஒரு மைலோ டின், ஒரு பை ஆப்பிள். மாமா வராந்தாவில் சாய்வு நாற்காலியில் இருந்தார். அவரைச் சுற்றிப் பிளாஸ்டிக் நாற்காலிகள்.

"என்னண்ணே, நல்லா இருக்கீங்கதானே?"

"ஆமா."

"மருந்தெல்லாம் ஒழுங்காச் சாப்பிடுறீங்கதானே?"

"ஆமா."

"தூக்கம் வருதுதானே?"

"ஆமா."

"ஐயா, பேச்சு எவ்ளோ தெளிவா வந்துருச்சு! சாமிதான் காப்பாத்துச்சு" என்று ஒருவர் சொல்ல, எல்லாரும் தலையாட்டினார்கள். சொல் தெளிவாகத்தான் இருந்தது. உச்சரிப்பில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

கூட்டம் கலைந்ததும் நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "மாமா, யாரெல்லாம் வந்தாங்க?" என்று கேட்டேன்.

"ஆமா" என்றார்.

"காலையில என்ன சாப்பிட்டீங்க?" என்றேன். "ஆமா." வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. "வெளிய மழை பெய்யுதா மாமா?" என்றேன். "ஆமா" என்று வாய் சொன்னது. சொன்ன மறு நொடி அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு, இடது கையால் நாற்காலிக் கட்டையை அடித்தார். தவறாகச் சொல்லிவிட்டோம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. கேள்வி புரிகிறது, பதிலும் உள்ளே இருக்கிறது, ஆனால் வாய்க்கு வருவது அந்த ஒரு சொல்தான். மூளையில் மொழி இருக்கும் பக்கம் அடிபட்டால் சிலருக்கு இப்படி ஒரே ஒரு சொல் மிஞ்சும். முந்தின பருவத்தில்தான் இதைப் பற்றித் தேர்வு எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தேன்.

இத்தனை மாதமாக இது ஒருவர் கண்ணிலும் படவில்லை! எப்படிப் படும்? நம் ஆட்கள் நோயாளியிடம் கேட்பதெல்லாம் கேள்வியா? பதிலையும் தாங்களே சொல்லி, கடைசியில் ஒரு 'தானே' போட்டு நீட்டுவார்கள். எதிரே இருப்பவர் ஆமா என்றால் போதும். அது மரியாதை, அது ஆறுதல். படுத்திருப்பவரிடம் போய் உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டால் ஏதோ குறை இருப்பதாக ஆகிவிடும். அப்படிப்பட்ட குடும்பத்தில் ஒரு மனிதருக்கு எல்லாச் சொல்லும் போய் ஆமா மட்டும் மிஞ்சியது. யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

சொன்னேன். அன்றைக்கே எல்லாரிடமும் சொன்னேன். சின்ன மாமா டிராக்டர்ச் சாவியை ஆணியில் மாட்டிக்கொண்டே சிரித்தார். "அவருக்கு ஒண்ணும் இல்லம்மா. அண்ணன் குணம் மாறிட்டாரு. முன்ன மாதிரி எதுக்கும் சண்ட போடுறதில்ல. கேட்டதுக்கெல்லாம் சரிங்கிறாரு. நல்லதுதானே?"

"அது குணம் இல்ல சின்ன மாமா, அது வியாதி."

"படிச்சதெல்லாம் வியாதியாத்தான் தெரியும்" என்றார் அம்மா.

எனக்கு வந்த கோபத்துக்கு அங்கேயே ஏதாவது உடைத்திருப்பேன். பனை எண்ணெய்த் தோட்டத்துக்கு நடுவே வீடு, கத்தினாலும் கேட்க ஆளில்லை. போய்ப் பாத்திரம் கழுவினேன்.

இதில் அடிபட்டது கூலிம் அக்காதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரவு ஷிப்டு முடித்த கையோடு தூங்காமல் காரோட்டி வந்தார். சமைத்த மீன் குழம்பு, அப்பாவுக்குப் புதுக் கைலி. வந்த காரியமே வேறு. வராந்தாவில் எல்லார் முன்னிலையிலும் அவர் கால்மாட்டில் உட்கார்ந்து, "அப்பா, எங்கூட கூலிம் வந்துடுறீங்களா? என் வீட்டுலயே இருங்கப்பா" என்றார்.

"ஆமா" என்றார் மாமா.

அக்காவின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். உடனே சின்ன மாமா குனிந்து, "அண்ணே, மக வீட்டுல போயி உக்காந்தா நல்லாவா இருக்கும்? தம்பி நான் இருக்கேன். இங்கேயே இருந்துக்கிறீங்கதானே?" என்றார்.

"ஆமா."

"பாத்தியா? நான் சொல்லலம்மா, அவரே சொல்றாரு."

எங்கள் குடும்பத்தில் கடைசியாகக் கேட்டவருக்கே வெற்றி. கடைசியாகக் கேட்பவர் எப்போதும் சின்ன மாமாதான், ஏனென்றால் மற்றவர்களெல்லாம் எழுந்து வீட்டுக்குப் போய்விடுவார்கள். அக்கா குழம்புப் பாத்திரத்தை உள்ளே வைத்துவிட்டுக் கிளம்பினார். நான் பின்னாலேயே ஓடினேன். கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதார். "எங்கப்பாவுக்கு என் வீடு வேணாமாம்டி. நான் பொம்பளப் புள்ளயாப் போயிட்டேன்ல."

"அக்கா, அவரு அப்படிச் சொல்லல. அவரால வேற எதையும் சொல்ல முடியல."

"நீ படிச்சிட்டு வந்து பேசுற. எங்கப்பா என் மூஞ்சியப் பாத்துச் சொன்னாரு." கார் தூசி கிளப்பிக்கொண்டு போனது. அதன் பிறகு அவர் வருவது குறைந்தது.

மறுபடி பல்கலைக்கழகம் திரும்பியதும் விரிவுரையாளர் அம்மையாரிடம் போய் நின்றேன். வாயை நம்பாதே, கையை நம்பு என்றார். இரண்டு படங்களை வைத்து இடது கையால் தொடச் சொல். இடம் மாற்றி வை. வேறொரு நாள் திரும்பக் கேள். முதலில், பதில் எல்லாருக்கும் தெரிந்த விஷயத்தைக் கேட்டுச் சரிபார்த்துக்கொள். கேட்ட பிறகு வாயை மூடிக்கொண்டு காத்திரு. கடைசியாகச் சொன்னதுதான் எனக்கும் கஷ்டமாக இருந்தது. நானும் இந்தக் குடும்பத்துப் பெண்தானே.

அடுத்த விடுமுறைக்கு வந்ததும் கைத்தொலைபேசியில் படம் படமாக எடுத்து, பீடோங்கில் ஒரு கடையில் பெரிதாக அச்சடித்துக்கொண்டேன். சோறு, கஞ்சி. மீன், கோழி. கருப்புக் காப்பி, மைலோ. மாமா கருப்புக் காப்பி மனிதர் என்பது தோட்டத்துக்கே தெரியும். மைலோ சின்னப் பிள்ளைகள் குடிப்பது என்று கேலி செய்தவர். பக்கவாதம் வந்த பிறகு தினமும் சாயங்காலம் அவருக்கு மைலோதான், ஏனென்றால் வந்தவர்கள் வைத்துவிட்டுப் போன டின்கள் அலமாரி நிறைய இருந்தன, "மைலோ கலக்கட்டுமாண்ணே?" என்று கேட்டதற்கு அவரும் ஆமா என்றிருந்தார். நான் இரண்டு படத்தையும் மடியில் வைத்தேன். வாயை மூடிக்கொண்டு காத்திருந்தேன். அவர் கை மெதுவாக எழுந்து கருப்புக் காப்பிப் படத்தின் மேல் விழுந்தது. இடம் மாற்றினேன். மறுபடியும் காப்பி. சின்ன மாமாவின் மனைவி உள்ளே போய், முகத்தைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே காப்பி கலந்து கொண்டுவந்தார். அவர் ஒருவர் அன்றைக்கே புரிந்துகொண்டார். அதற்காக அவரை எனக்கு எப்போதும் பிடிக்கும்.

பிறகு வீடுகள். செமிலிங் வீட்டுப் படம், கூலிம் வீட்டுப் படம். மாமா, எங்க இருக்கணும்? கை கூலிம் வீட்டைத் தொட்டது. இடம் மாற்றினேன். கூலிம். மறுநாள் கேட்டேன். கூலிம். மருத்துவமனைப் படத்தையும் சேர்த்து வைத்தேன். அதைத் தள்ளிக் கீழே போட்டுவிட்டு, கூலிம் படத்தை எடுத்து நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

அம்மாவையும் சின்ன மாமாவையும் கூப்பிட்டுக் காட்டினேன். "அதுல பேத்தி நிக்குதுல்ல, அதான் தொடுறாரு" என்றார் சின்ன மாமா. சரி. கூலிம் வரை போய், அக்காவுக்கும் நடந்ததைச் சொல்லி, பேத்தி இல்லாமல் படம் எடுத்து வந்தேன். அதையும் தொட்டார். "இந்தப் படம் வெளிச்சமா இருக்கு. நம்ம வீட்டுப் படம் இருட்டா இருக்கு லா" என்றார் சின்ன மாமா. செமிலிங் வீட்டைக் காலை வெயிலில், வாசல் பெருக்கி, கோலத்தோடு எடுத்தேன். மாமா அதைப் பார்த்துவிட்டுக் கூலிமைத் தொட்டார். "அவருக்கு விளையாட்டா இருக்கு, நீ படம் காட்டுறது" என்றார் அம்மா. இனிமேல் என்ன செய்ய? ஹெலிகாப்டரில் பறந்து படம் எடுக்கவா?

அன்று அடுப்படியில் அம்மாவைப் பிடித்துக்கொண்டேன். குரலை உயர்த்தித்தான் பேசினேன். "அம்மா, அவரு மக வீட்டுக்குப் போகணும்னு சொல்றாரு. ஏன் யாருக்கும் கேக்க மாட்டேங்குது?"

அம்மா வெங்காயம் அரிவதை நிறுத்தவில்லை. "எங்களுக்குத் தெரியாதுன்னு நினைக்கிறியா? அவரு கண்ணப் பாத்தாலே தெரியுது. அதுக்காக? கூடப் பொறந்தவங்க ரெண்டு பேரு இருக்கோம். கட்டிக் குடுத்த பொண்ணு வீட்டுல, மருமவன் கையால சோறு வாங்கித் தின்ன விட்டாங்கன்னு ஊரு பேசுமா பேசாதா? உன் சின்ன மாமா கோயில்ல போயி நிக்க முடியுமா?"

"அப்ப அவரு ஆமான்னு சொன்னதாச் சொல்றது?"

"அவரு வாயால வேற சொல்லட்டும். நான் ஏன் வேணாங்குறேன்?"

வாயால் சொல்ல முடியாத மனிதரிடம்தான் வாயால் சொல்லட்டும் என்கிறார்கள். இத்தனை நாளும் அறியாமையோடு மல்லுக்கட்டுகிறேன் என்று நினைத்திருந்தேன். அறியாமை இல்லை. அந்த ஆமா அவர்களுக்கு வசதியாக இருந்தது. முன்பு மாமாவிடம் எதற்குச் சம்மதம் வாங்குவதென்றாலும் நாள்கணக்கில் மன்றாட வேண்டும். இப்போது அவர் சம்மதத்தை வைத்தே அவரைக் கட்டிப்போட முடிந்தது. அவர்கள் கெட்டவர்களும் இல்லை. சின்ன மாமா தினமும் காலையில் அண்ணனைக் குளிப்பாட்டி, சவரம் செய்து, தலைவாரிப் பவுடர் போட்டுவிட்டுத்தான் வேலைக்குப் போவார். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. கெட்டவர்களாக இருந்தால் திட்டிவிட்டுப் போயிருக்கலாம்.

கடைசியில் வழி விட்டது என் படிப்பும் இல்லை, என் படங்களும் இல்லை. ஒரு சாக்கு. மருத்துவமனையில் பேச்சுச் சிகிச்சைக்கு வரிசை நீளம்; அடுத்த தவணை எப்போதோ இருந்தது. கூலிம் பக்கம் மாற்றினால் சீக்கிரம் கிடைக்கும் என்று அக்கா விசாரித்துச் சொன்னார். நான் அம்மாவிடம், "சிகிச்சைக்காக மட்டும். முடிஞ்சதும் வந்துடுவாரு" என்றேன். அம்மா உடனே, "சிகிச்சைக்குன்னா யாரு என்ன சொல்லப் போறாங்க?" என்றார். சின்ன மாமாவும் சரி என்றார். மக வீட்டில் போய் இருப்பது அவமானம், மக வீட்டிலிருந்து மருத்துவமனைக்குப் போவது அவமானம் இல்லை. அதே வீடு, அதே கட்டில், அதே மருமகன். இதை மட்டும் முதலிலேயே சொல்லியிருந்தால் நான் கோலத்தையெல்லாம் படம் எடுத்திருக்க வேண்டாம்.

அக்காவுக்கு நான் ஒரே ஒரு புத்திமதி சொன்னேன். அப்பாவிடம் எதையும் கேட்காதீர்கள், வந்து கதவைத் திறந்துவிடுங்கள் போதும். அக்கா அப்படியே செய்தார். காரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தி, முன் கதவைத் திறந்து வைத்துவிட்டுத் தள்ளி நின்றார். மாமா ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு எழுந்தார். தாங்கப் போன சின்ன மாமாவின் கையை விலக்கிவிட்டு, காலை இழுத்து இழுத்து நடந்து போய் உட்கார்ந்தார். இருக்கைப் பட்டையை இடது கையாலேயே இழுத்து மாட்ட முயன்றுகொண்டிருந்தார். அக்கா ஓடிப்போய் மாட்டிவிட்டார், அழுதுகொண்டே. அந்த ஒரு நாள் மட்டும் என் குடும்பத்தில் யாரும் யாரிடமும் தானே போட்டு எதுவும் கேட்கவில்லை.

மூன்றாம் ஆண்டு எனக்கு மருத்துவமனைப் பயிற்சியிலேயே ஓடியது. அக்கா அவ்வப்போது அழைப்பார், பெரும்பாலும் குறை சொல்ல. சிகிச்சை தருபவர் மலாய்க்காரப் பெண், பொறுமைசாலி. ஆனால் பயிற்சி எல்லாம் மலாயில். மாமாவுக்கு மலாய் நன்றாகவே வரும், இருந்தும் போன பேச்சு எந்த மொழியில் முதலில் திரும்பும் என்று யாரால் சொல்ல முடியும்? வீட்டில் தமிழில் செய்யுங்கள் என்று நான் சொன்னேன். கரண்டியைத் தூக்கிப் பிடித்து, வேணுமா, வேணாமா என்று கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். அக்காவுக்கு எங்கிருந்து காத்திருக்க நேரம்? ஷிப்டுக்கு வேன் வந்து ஹாரன் அடிக்கும். "நீ சொல்லிட்டுப் போயிடுற, எனக்குச் சோறு ஆறிப்போவுது" என்பார். "நேத்து என்னமோ வே, வேன்னாரு. அப்புறம் ஆமான்னுட்டாரு. சாப்பாட்ட மட்டும் கையால தள்ளி விடுறாருடி, தரையெல்லாம் ரசம்." நான் விடுதி நடைபாதையில் நின்றுகொண்டு சிரித்தேன். மாமா மறுபடி சண்டை பிடிக்க ஆரம்பித்திருக்கிறார் என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

தீபாவளி நெருங்கியது. அம்மாவுக்கும் சின்ன மாமாவுக்கும் இருப்புக் கொள்ளவில்லை. சிகிச்சைதான் ஓரளவு நடந்துவிட்டதே, இனி அண்ணன் வீட்டுக்கு வரட்டும், படையல் போடும்போது மூத்தவர் இல்லாமல் எப்படி என்று பேச்சு ஆரம்பித்தது. நான் விடுமுறைக்கு வந்ததும் அம்மா என்னைக் காரோட்டச் சொல்லிக் கூலிமுக்குக் கிளம்பினார். மடியில் அண்ணனுக்கு எடுத்த புதுச் சட்டை. பின் இருக்கையில், அவருடைய துணிமணிகளை எடுத்துவர ஒரு பெரிய காலிப் பை. வழியெல்லாம் நான் சொல்லிக்கொண்டே போனேன். அம்மா, அவரிடம் கேளுங்கள், ஆனால் தானே போடாதீர்கள். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மாமா கூடத்தில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாவைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. இடது கையை நீட்டினார். அம்மா அந்தக் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து, கொஞ்ச நேரம் ஊர்க்கதை எல்லாம் சொன்னார். எல்லாவற்றுக்கும் ஆமா, ஆமா. அக்கா அடுப்படி வாசலில் தேநீர்க் கோப்பைகளோடு நின்றுவிட்டார். என்ன வரப்போகிறது என்று அவருக்குத் தெரியும்.

"அப்ப தீபாவளிக்கு நம்ம வீட்டுக்குப் போயிடலாம்தானேண்ணே? இனிமே அங்கேயே இருந்துக்கலாம்தானே?"

மாமா வாயைத் திறந்தார். ஆமா வந்துவிடும் என்று நான் கண்ணைத் தாழ்த்திக்கொண்டேன். வரவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். வாயை மூடிக்கொண்டிருந்தார். உதட்டைப் பல்லில் அழுத்திக்கொண்டிருந்தார். கழுத்து நரம்பு புடைத்தது. அம்மா ஏதோ சொல்ல வந்தார். நான் அவர் தோளை இறுக்கிப் பிடித்தேன். தொலைக்காட்சியில் யாரோ சோப்பு விளம்பரத்துக்குப் பாடிக்கொண்டிருந்தார்கள்.

"வே" என்றார் மாமா. "வே... ணாம்."

மாமாவே அந்தச் சொல்லைக் கேட்டுத் திகைத்தவர்போல என்னைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்து, இல்லை என்று தலையையும் ஆட்டி, இன்னொரு முறை சொன்னார். இந்த முறை உடையாமல் வந்தது. "வேணாம்."

அம்மா புதுச் சட்டையை எடுத்து, மடிப்புக் கலையாமல் அவர் மடியில் வைத்தார். தேநீரை முழுசாகக் குடித்தார். காலிப் பையைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு, "சரிண்ணே, வர்றோம்" என்று எழுந்துவிட்டார்.

காரில் ஏறிக் கதவைச் சாத்தியதுதான் தாமதம், சின்ன மாமாவுக்குத் தொலைபேசியில் அழைத்தார். அவசரத்தில் ஒலிபெருக்கிப் பொத்தானையும் சேர்த்து அழுத்திவிட்டார். அந்தப் பக்கம் டிராக்டர் சத்தம் கேட்டது.

"டேய், அண்ணன் பேசிட்டாருடா!" அம்மா கத்தினார். அத்தனை சந்தோஷமான குரலை நான் அவரிடம் எப்போதும் கேட்டதில்லை. "ஆமா இல்லடா, வேற வார்த்த. சுத்தமா, முன்ன மாதிரியே பேசுறாருடா!"

டிராக்டர் சத்தம் நின்றது. "மெய்யாவாக்கா? என்ன சொன்னாரு? என்னயக் கேட்டாரா? என்னக்கா சொன்னாரு?"

சின்ன மாமா அந்தப் பக்கம் அக்கா, அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். அம்மா தொலைபேசியை என்னிடம் நீட்டினார்.